ஒரே சஹனில் ஆறு கை

அந்த சஹன் முச்சக்கரவண்டியின் பின்னாசனத்தில் ஓர் ஆளைப் போல இடம் பிடித்துக்கொண்டு வந்தது. பெரிய வட்டச் சோற்றுத் தட்டு; வெள்ளைப் பூச்சு, விளிம்பைச் சுற்றி நீலக் கோடு, இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அகலம். கலியாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து எங்கள் நலன்புரி அலுவலர் அதை எடுத்து வந்திருந்தார். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் அழைப்போம். தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கர். புத்தளம் களப்போரத்தில் இருக்கும் எங்கள் உப்புப் பொதியிடும் ஆலைக்கு ஒப்பந்த அடிப்படையில் வந்து சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நான் களஞ்சியப் பிரிவில் எழுதுவினைஞர். இன்றும் அதே பிரிவில், அதே கதிரையில்தான் இருக்கிறேன்.

கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் அப்போது எல்லோரிடமும் புதிய சிந்தனைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கென்று சுவரொட்டிகள் வந்தன. மாதக் கூட்டத்தில் முகாமையாளர், "தயங்காமச் சொல்லுங்க, எதுவும் சொல்லலாம்" என்பார். பொதியிடும் பெண்கள் தலையாட்டுவார்கள். தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். இதைச் சில மாதங்கள் பார்த்த மிஸ் ஒருநாள் என்னிடம், "கதிரையில வரிசையா இருத்தினா எல்லாரும் மேடையத்தான் பாப்பாங்க. சாப்பாட்டச் சுத்தி இருத்திப் பாப்போம்" என்றார். முகாமையாளருக்கும் யோசனை பிடித்திருந்தது. படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார்.

எங்கள் முஸ்லிம் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் பாயில் அமர்வது வழக்கம். நடுவில் சோறும் இறைச்சியும், ஓரமெல்லாம் கறி. அவரவர் தமக்கு முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிட வேண்டும். நல்ல துண்டொன்று அகப்பட்டால் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. யார் தள்ளியது என்று எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மிஸ் இதை யாரோ ஒருவருடைய கலியாணத்தில் கண்டு மனதில் வைத்திருந்திருக்கிறார்.

மற்ற சஹன்களும் வந்து சேர, ஓய்வறையில் பாய் விரித்தோம். ஆண்களுக்கு வேறாக, பெண்களுக்கு வேறாக. "சஹன் ஈக்கிது, மாப்புள எங்க மிஸ்?" என்று ஒருத்தி கேட்க, "அவரு கூட்டத்துக்கு லேட்டா வருவாரு" என்றார் மிஸ். அந்தச் சிரிப்பு அடங்கும்போது, பெண்கள் பக்கம் நானும் மிஸ்ஸும் இருந்த சஹனில் சோறு பாதியாகியிருந்தது. பொதி தைக்கும் தாத்தாவும் எங்களோடு இருந்தார். எங்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. கூட்டங்களில் வாயே திறக்காதவர். இறைச்சித் துண்டொன்றை மிஸ்ஸின் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார்: "கொழும்பிலேந்து பெரியாக்கள் வாற நாளைக்கு மட்டும் எல்லா ஃபேனும் சுத்துது மிஸ். அவங்க போனா காத்தும் கூடவே போயிடுது."

நாங்கள் மறுபடியும் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை.

சஹனில் கேட்டவற்றைப் பெயரில்லாமல் மேலே அனுப்புவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். மிஸ் அப்படியே அனுப்பினார். மறு வாரம் கொழும்பிலிருந்து முகாமையாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பிறகு அவர் மிஸ்ஸைக் கூப்பிட்டார். களஞ்சியத்துக்கும் அவருடைய அறைக்கும் இடையில் பலகைத் தட்டிதான்; பேச்சு தெளிவாகவே கேட்டது.

"பேர மட்டும் தாங்க மிஸ். தண்டிக்க இல்ல, பாராட்டத்தான்."

"பாராட்டுறதெண்டா எல்லாரையும் பாராட்டுங்க சேர். ஆறு கை ஒரே சஹன்ல. எந்தக் கை எதை எடுத்தது எண்டு யாரு பாத்தது?"

"அந்த ஆறு பேருல நீங்களும் ஒருத்தர்தானே?"

"ஓம் சேர். அப்ப நான்தான் சொன்னது எண்டு எழுதுங்க."

தாத்தாவுக்கு நாட்கூலி வேலை. பெயர் வெளியே வந்தால் அடுத்த நாள் காலையில் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். மிஸ்ஸின் ஒப்பந்தமோ அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்று போகும் என்பது தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே விளங்கியது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிர்வாக மாற்றம் என்று காரணம் சொன்னார்கள்.

சஹன் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை ஆலையில் புத்தாக்க தினம் நடக்கிறது. பதாகையில் பெரிய சஹன் ஒன்றின் படம். சாப்பாடு தனித்தனிச் சோற்றுப் பார்சல். யோசனைகளை அட்டையில் எழுத வேண்டும்; பெயரும் ஊழியர் இலக்கமும் கட்டாயம். சுவருக்கு வேறு நிறம் பூசலாம், பூச்சாடி வைக்கலாம் என்று எழுதியவர்கள் பரிசு வாங்குகிறார்கள். முகாமையாளர்கள் மாறிவிட்டார்கள். அவர்களில் எவரையும் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. புதிதாக ஒன்று வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிறார்கள். அது வந்து தங்களுக்கும் வியர்க்கும்போதுதான் அவர்களுக்குப் பெயர் தேவைப்படுகிறது. இத்தனை வருடங்களில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இதை விளங்கிக்கொண்டு என்ன செய்வது என்பது இன்னும் விளங்கவில்லை.

போன மாதம் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மிஸ்ஸைக் கண்டேன். கொஞ்சம் மெலிந்திருந்தார். சுகம் விசாரித்த கையோடு, "அந்தத் தாத்தா இருக்கிறாவா?" என்று கேட்டார்.

"இருக்கிறா மிஸ். இப்ப நிரந்தரம்."

"கதைக்கிறாவா?"

"எங்களோட கதைப்பா. கூட்டத்தில இல்ல."

தலையை மட்டும் அசைத்தார். பிறகு, கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் ஊழியர் பிரிவில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். அதற்கு முன் பல இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறார். எல்லா இடத்திலும், முன்பு வேலை செய்த இடத்தில் புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். சஹன் கதையைச் சொன்ன இடமெல்லாம் நன்றாகக் கேட்டுவிட்டு, அறிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"இங்கயும் அதத்தான் கேட்டாங்க" என்றார். "புதுசா ஒண்டும் செய்யல்ல, சொன்ன வேலையச் செஞ்சன் எண்டன். அண்டைக்கே கடிதம் தந்துட்டாங்க."

கற்பிட்டி பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் எனக்குக் கை காட்டினார்.