மூன்று நாள் வைரம்

எங்கள் வீட்டுக்கு வைரம் வந்தது, மூன்று நாள் இருந்தது, போய்விட்டது. போனதற்குக் காரணம் ஒரு நாயும் நானும். நாய் தன் பங்கை ஒழுங்காகச் செய்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடியிருந்தோம். அம்மா பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஏழுகல் தோட்டைப் பழவங்காடி நகைக்கடைக்காரர் பரீட்சைக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வைரத்துக்கும் பரீட்சை உண்டு. மூன்று நாள் போட்டுப் பார்க்கலாம். அதற்குள் வீட்டில் யாருக்காவது கெடுதல் நேர்ந்தால் கல்லில் தோஷம், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்பா அந்த வாரம் மட்டும் விஞ்ஞானி ஆகிவிட்டார்.

"பூமிக்கடியில வெந்த கரியாக்கும் இது. ஆப்பிரிக்காவில ஆளைப் பாதாளத்துல இறக்கித் தோண்டறான். தோண்டறவனுக்குக் கஞ்சிதான். கல்லைப் பெட்டியில பூட்டி வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வெளியில விடறான் பாரு, அவன்தான் விலையை ஏத்தறான். திருப்பி விக்கப் போனா ஒருத்தன் சீண்ட மாட்டான்."

"அப்போ அடுப்புக்கரியைக் கொண்டாங்கோ, காதுல மாட்டிக்கறேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மாலை, குளக்கரையில் நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. நான் அதன் வாலை மிதித்தது இங்கே முக்கியமில்லை. கூட இருந்த பக்கத்து வீட்டுப் பையன் அலறினான்:

"எடா, அது பேப்பட்டியாடா! இனி உனக்கு வெள்ளம் இறங்காது. குரைச்சுக் குரைச்சே சாவே!"

பேப்பட்டி என்றால் வெறிநாய், வெள்ளம் என்றால் தண்ணீர். சொன்னால் தோடு போகும், சொல்லாவிட்டால் நான் போவேன். தோடு இருக்கட்டும் என்று முடிவுசெய்து, காயத்தை மறைக்க அப்பாவின் வேட்டியைச் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை, தண்ணீர் இறங்குகிறதா என்று சோதித்தேன். ஒரு டம்ளர் இறங்கியது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் எட்டு. ஒன்பதாவது டம்ளர் புரையேறி, தொண்டையிலிருந்து 'லொள்' என்று ஒரு சத்தம் வந்தது. நான் எகிறிக் குதித்தேன்.

"அம்மா, நான் குரைக்கறேன்!"

அவள் ஓடி வந்து வேட்டியை விலக்கினாள்.

"எப்போடா கடிச்சது?"

"நேத்து."

"ஏண்டா சொல்லலை?"

"தோடு போயிடுமே."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நாய் கடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. ஒரு கையால் என் காலை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருகாணியைக் கழற்றினாள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அப்பா தம்பானூரில் மசால்தோசை வாங்கித் தந்தார். பிள்ளையை நாய் கடித்த மனிதர் இத்தனை உற்சாகமாக இருக்கலாமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கடைக்காரர் வேறு கல் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா ஒரே வார்த்தையில், "வேண்டாம்" என்றாள்.

அதன்பிறகு வெகுகாலம், நான் பள்ளிவிட்டு வந்ததும் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "என்கிட்டச் சொல்லாம ஏதாவது வச்சிருக்கியாடா?" என்று கேட்பாள். துப்புத் துலக்குகிறாள் என்று பயந்து, திருடித் தின்ற சர்க்கரை, தொலைத்த பேனா என்று தினம் ஒன்றாக ஒப்புக்கொண்டேன். எதற்கும் அவள் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று புரியாத பீதியில், சரக்கு தீர்ந்ததும் செய்யாத குற்றங்களையும் ஒப்புக்கொள்ளத் தொடங்கினேன்.