மூன்றாவது விசிலுக்கு எல்லாரும் வெளியே

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் சாராள் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் மொத்தம் இருபத்திரண்டு உருப்படி. எல்லாம் கம்பெனி வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். காலை ஷிப்டு பஸ் வந்து ஹாரன் அடிப்பதற்குள் அழுகிற பிள்ளை, சிரிக்கிற பிள்ளை, ஒற்றைச் செருப்போடு வருகிற பிள்ளை எல்லாவற்றையும் கை மாற்றி வாங்கி உள்ளே விட்டுவிடுவாள். அந்த வேகத்தைப் பார்த்தால் பழைய கம்பெனிக்காரி என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஆமாம், பதினோரு வருஷம் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தவள்தான். அங்கே மாதாமாதம் ஒரு நோட்டு வரும். ‘தீ விபத்து ஒத்திகை சிறப்பாக நடந்தது’ என்று எழுதியிருக்கும். சாராளும் கையெழுத்துப் போடுவாள். நோட்டு மட்டும்தான் வரும், ஒத்திகை ஒருநாளும் வந்ததில்லை. பிறகு ஒருநாள் நிஜமாகவே புகை வந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சாராள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் நின்ற இடம், ஜன்னல்கூட இல்லாத ஸ்டோர் ரூம். நல்லவேளை, கருகியது ஒரு மோட்டார்தான். ஆனாலும் அந்த இருட்டில் கதவைத் தடவிக்கொண்டு நின்ற இரண்டு நிமிஷத்தில் அவளுக்கு நோட்டு என்றாலே வெறுத்துப்போனது.

அதனால் சொந்தமாகக் காப்பகம் திறந்தபோது தலைகீழாகச் செய்தாள். ஒத்திகை தினமும் உண்டு, நோட்டு கிடையாது. முதலில் ஒரு விசில் வாங்கினாள். அத்தனை வாயும் அதை ஊதிப் பார்த்ததில் ஒரே வாரத்தில் காப்பகம் முழுக்கச் சளி. விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சமையல்காரி கன்னியம்மாவின் பருப்புக் குக்கரை அந்த வேலைக்கு வைத்தாள். முதல் விசிலுக்கு விளையாட்டு நிற்க வேண்டும். இரண்டாவதற்குப் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும். மூன்றாவதற்கு எல்லாரும் வெளியே, புங்கமரத்தடிப் பாயில். டீச்சரான சாராள் ‘சரி’ சொல்லும்வரை யாரும் எழக்கூடாது. நாலரை வயது பூமிகா, யாரும் கொடுக்காத பதவி ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு, உள்ளே யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால்தான் சாராளே வெளியே வர முடியும்.

இப்படி ஊரே மெச்சப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடிதம் வந்தது. உரிமம் மாதக் கடைசியோடு முடிகிறது, புதன்கிழமை ஆய்வு. உரிமம் இல்லையென்றால் பூட்டவேண்டியதுதான், அந்த அம்மாக்களுக்கும் ஷிப்டு போய்விடும். கூடவே ஒரு பட்டியல். குடிதண்ணீர்ப் பரிசோதனை இருந்தது, முதலுதவிப் பெட்டி இருந்தது, சமையல்காரியின் மருத்துவச் சான்று இருந்தது. பதினான்காவது வரியில் ‘ஒத்திகைப் பதிவேடு’ என்று போட்டிருந்தது. சாராள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை மோகன்ராஜ் சிரித்தான். “இதுக்கா பேஜாராவுற? நாலு கலர் பேனா குடுக்கா. ஒரு வருசத்துக்கு உக்காந்து எழுதிர்றேன்.”

“அந்த மாதிரி நோட்டுல கையெழுத்து போட்டுக்கினு இருந்துதான் நா ஸ்டோர் ரூமுல போயி நின்னேன். வோணாம்பா.”

“அப்போ பூட்டிக்கினு ஊட்டுக்குப் போவியா?”

சாராள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

புதன்கிழமை காலை, கன்னியம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். “யக்கா, இன்னிக்கு குக்கர் வெக்காத. அவர் இருக்கச்சொல்ல இதுங்க குறுக்கால ஓடினா அவ்ளோதான். பருப்பு சட்டியிலயே வேவட்டும்.”

அதிகாரி தணிகாசலம் கையில் டேப்போடு வந்தார். சிரிப்பு என்பதை அவர் ஆபீஸிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஜன்னலை அளந்தார், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அளந்தார், விட்டால் பிள்ளைகளின் வாயையும் அளந்திருப்பார். எதிலும் குறை இல்லை. பிறகு பதிவேட்டைக் கேட்டார்.

“பதிவேடு இல்ல சார். ஆனா தெனமும் செய்றோம்.”

“எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க. எழுத்துல இல்லைன்னா நான் எப்படி கையெழுத்துப் போடறது?”

“இப்பவே காட்டட்டுமா சார்?”

“நான் பார்க்கறதுக்காக செஞ்சா அதுக்குப் பேரு ஒத்திகையா? டிராமா.” சொல்லிவிட்டு, “அந்த சமையல்காரம்மா மருத்துவச் சான்றை எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்றபடி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டுகிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

சாராள் சுவரில் சாய்ந்து நின்றாள். முடிந்தது, பூட்டு வாங்கவேண்டியதுதான் என்று நினைத்தாள். மோகன்ராஜிடம் பேனாவைக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. 

அடுக்களையில் கன்னியம்மாவுக்கு வேறு கவலை. சட்டியில் பருப்பு கல்லாட்டம் கிடந்தது. இரண்டு விசிலில் நிறுத்திவிடலாம் என்று அதைக் குக்கருக்கு மாற்றி அடுப்பில் ஏற்றினாள். அதற்குள் அந்தச் சான்றை எங்கே வைத்தோம் என்று அரிசி டிரம்முக்குப் பின்னால் குனிந்தாள்.

முதல் விசில். கூடத்தில் விளையாட்டுக் கட்டைகள் அப்படியே நின்றன.

இரண்டாவது. கைகள் கோத்துக்கொண்டன.

“யக்கா!” என்று சாராள் கத்தியதும் மூன்றாவது விசில் வந்ததும் ஒன்றாக இருந்தன.

பதினேழு பிள்ளைகள் வரிசை குலையாமல் கிளம்பின. உதவிக்கு இருக்கும் அருணா, கைக்குழந்தைகள் நாலையும் சக்கரக் கட்டிலில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனாள். கன்னியம்மா அடித்துப் பிடித்து கேஸை மூடிவிட்டு ஓடினாள். பூமிகா மட்டும் கழிவறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள்.

“மாமா! வெளிய வா!”

“இரு பாப்பா, நான் செக் பண்றேன்.”

“அதெல்லாம் அப்பால! மூணு விசில் வந்துச்சி!”

கதவு திறந்தது. தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் பூமிகா அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். அவரும் போனார். பாதி இழுத்திருந்த டேப் அவருக்குப் பின்னால் தரையில் தடதடவென்று வந்தது. அதை மிதிக்காமல் சாராள் கடைசியில் ஓடினாள்.

புங்கமரத்தடியில் அவரைப் பாயில் உட்காரவைத்துவிட்டுத்தான் பூமிகா விரலை விட்டாள். எழப்பார்த்தார். “டீச்சர் இன்னும் சரி சொல்லல!” என்று பதினெட்டு வாய்கள் சேர்ந்து அதட்டின. மனிதர் மறுபடியும் சம்மணம் போட்டுக்கொண்டார்.

சாராள் எண்ணினாள். இருபத்திரண்டு. எல்லாம் இருந்தது, ஒற்றைச் செருப்பு உட்பட.

எதையும் அளக்கிற தணிகாசலம், கதவு அறைபட்டதுமே கடிகாரத்தைப் பார்த்திருந்தார், இப்போது மறுபடி பார்த்தார். “தினமும் எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு நிமிசம் பத்து செகண்டு சார்.”

“இன்னிக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம். ஏன் லேட்டு?”

சாராள் முழித்தாள். பூமிகாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. “இந்த மாமாதான்” என்று கையை நீட்டினாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, கோபம் என்றுதான் சாராள் நினைத்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நோட்டு கொண்டா தாயி.”

கிடைத்தது ஒரு படம் வரையும் நோட்டு, அட்டையில் பல்லைக் காட்டும் யானை. டேப்பை வைத்துக் கோடு போட்டு அவரே எழுதினார். தேதி. பிள்ளைகள் இருபத்திரண்டு, பெரியவர்கள் நான்கு. கடைசியாக அழைத்துவரப்பட்டவர்: தணிகாசலம், ஆய்வு அதிகாரி. தாமதத்துக்குக் காரணம்: மேற்படியார். குறிப்பு: குக்கருக்குப் பதில் மணி ஒன்று வாங்கவும், தினமும் எழுதவும். பிறகு உரிமப் படிவத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யானை நோட்டை அவளிடம் நீட்டினார்.

சாராள் பேனாவை வாங்கினாள். இந்த மாதிரி நோட்டில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்ட கைதான், இன்று முதலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டியது. மேலே எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் நடந்தது என்று அவளுக்குத் தெரியும். போட்டாள். போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியாதபடி நின்றாள்.

பாயில் ஒருவரும் அசையவில்லை.

“டீச்சரம்மா, அந்த ‘சரி’யைக் கொஞ்சம் சொல்லுங்க, கால் மரத்துப்போச்சு” என்றார் தணிகாசலம்.