அஞ்சு நிமிசந்தானே!

போன சனிக்கிழமை லண்டன் சட்டனில் ஒரு பிறந்தநாள் விழா. அழைப்பிதழில் நாலு மணி என்று போட்டிருந்தது. நாலு மணிக்கே போய்விட்டேன்!

நம்பமாட்டீர்கள், தெரியும். லண்டன் தமிழருக்கு நாலு மணி என்றால் என்ன அர்த்தம்? நாலு மணிக்குத்தான் குளிக்கவே போவோம். சேலைக்கு ஊசி குத்தி, வீட்டுக்காரரோடு சண்டை பிடித்து, விழா ஹோலுக்குள் நுழைய ஏழாகிவிடும். அப்போதும் மேசைக்கு விரிப்புப் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் இந்தமுறை சுகந்தியே போன் எடுத்திருந்தாள். மிச்சம் என்ற ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குத்தான் ஐம்பதாவது பிறந்தநாள்.

“அக்கா, நாலு எண்டா நாலு. கேக் வெட்டேக்கை நிரோ எனக்குப் பக்கத்திலை நிக்கவேணும். எனக்கு அது மட்டும் காணும்” என்றாள்.

நிரோஷன் அவளுடைய ஒரே மகன். ஜெயிலில் இருந்துவிட்டு அண்மையில்தான் வெளியே வந்தான். காலில் கண்காணிப்பு டேக் கட்டி விட்டிருக்கிறார்கள். தினமும் மாலை ஏழு மணிக்குள் வீட்டுக்குள் நிற்க வேண்டும். தவறினால் திரும்பவும் உள்ளே போகவேண்டி வரலாம்.

செய்த குற்றம்? கூட்டாளிகள் யாரையோ அடிக்கப் போனபோது இவன் கார் ஓட்டினான். அங்கே ஒரு பிள்ளையின் தாடை உடைந்தது. சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

நாலரைக்கு ஹோல் நிறைந்துவிட்டது! இவ்வளவு நாளும் அவனைப் பற்றிப் போனில் வாய் ஓயாமல் கதைத்த அதே சனம்தான். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். எங்கள் சனத்தை எவ்வளவு திட்டினாலும், இதற்காகவே மன்னிக்கலாம்.

கேக் வெட்டினார்கள். முதல் துண்டை நிரோ ஊட்டிவிட, சுகந்தி அழுது மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. அவன்தான் டிஷ்யூ எடுத்துத் துடைத்துவிட்டான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார் ரவிச் சித்தப்பா.

சுகந்தியின் கணவருடைய தம்பி. தங்கமான மனுஷன், நிரோ என்றால் உயிர். ஆனால் தன் கல்யாணத்துக்கே பிந்திப் போனவர். பெரிய பரிசுப் பெட்டியோடு உள்ளே வந்தவர், வெட்டிய கேக்கைக் கண்டு துடித்துப்போனார். விடுவாரா? துண்டுகளை ஒட்டிவைத்து, மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தி, வீடியோவுக்காக இன்னொருதரம் வெட்டலாம் என்றார்.

நிரோ அதற்குள் ஜாக்கெட் போட்டுவிட்டான். தனக்காக யாரும் விழாவை விட்டு வரவேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்று முதலே சொல்லியிருந்தான். சித்தப்பா அவன் தோளில் கை போட்டு இழுத்தார்.

“அஞ்சு நிமிசந்தானேடா!”

நாங்களும் சேர்ந்துகொண்டோம்: அஞ்சு நிமிசந்தானே, நில்லப்பு. வெட்கமாக இருக்கிறது, என் குரலும் அதில் இருந்தது. சுகந்தியின் முகத்திலும் ஆசை இருந்தது.

நிரோ அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சித்தப்பாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

“அஞ்சு நிமிசம் எண்டுதான், சித்தப்பா, அண்டைக்கும் என்ரை கூட்டாளியள் சொன்னாங்கள். ஒருத்தரும் என்னைப் பிடிச்சுத் தள்ளேல்லை. நான்தான் காரிலை ஏறினன்.”

தாயின் கன்னத்தில் கொஞ்சினான். “ஹாப்பி பெர்த்டே அம்மா. வீட்டை போறன்.”

கூடாத கூட்டு, கூடாத கூட்டு என்கிறோமே... யார் அவர்கள்? சுகந்தியின் கையால் புட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகள்தான். அன்றைக்கு அவர்களும் தோளில் கை போட்டுத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

நாங்கள் மட்டும் என்ன திறம்? நம் வீட்டில் ஒரு விருந்தாளி போதும் என்றால் விடுகிறோமா? சோற்றுக் கோப்பையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுகிறோம். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்க்கிறோம். பிறகு, “ஏலாது எண்டு ஏன்டா சொல்லேல்லை?” என்று கோர்ட் வாசலில் நின்று அழுகிறோம்.

ஏலாது என்ற அந்த ஒரு சொல்லை நிரோ எங்கேயோ தானாகப் படித்துவிட்டு வந்திருக்கிறான். பாவம், எவ்வளவு விலை கொடுத்து!

சித்தப்பா கேக் கத்தியை வைத்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினார்.

ஏழு மணிக்கு முன்பே சுகந்தியின் போனுக்கு ஒரு படம் வந்தது. அவள் வீட்டு சோபாவில் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அதை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினாள்.

எனக்குத் தெரிந்து, ரவிச் சித்தப்பா தன் வாழ்நாளில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் இடம் அதுதான்.