எங்க வளவு

எங்கள் வீட்டைச் சுற்றி மதிலுக்குள் கிடந்த மண்ணுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. அப்பா காம்பவுண்டு என்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்கு உலகமே காம்பவுண்டுக்கு உள்ளே, காம்பவுண்டுக்கு வெளியே என்று இரண்டுதான். அம்மா உடன்குடிப் பக்கம். பனந்தோப்பை விளை என்கிற ஊரில் வளர்ந்தவள், இதையும் விளை என்றே சொல்லுவாள். அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வந்துவிடும்.

"ரெண்டு தென்னையும் ஒரு முருங்கையும் நின்னா அது விளையா? வளவுன்னு சொல்லு" என்பாள்.

ஒரே மதிலுக்குள் பல குடித்தனம் இருந்தால்தான் எங்கள் ஊரில் வளவு. எங்கள் மதிலுக்குள் இருந்தது இரண்டு வீடு. வாசல் பக்கம் எங்கள் வீடு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் அத்தையின் இரண்டு அறையும் ஒரு குசினியும். மாமா தவறிய பிறகு தாத்தா அவளுக்குக் கட்டிக்கொடுத்தது. அத்தைக்குப் பிள்ளை கிடையாது. அதனால் நான் அவளுடைய குசினியில்தான் பாதி நாள் கிடந்தேன், அங்கே மீன் குழம்பு எங்கள் வீட்டைவிட நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

காலையில் கோயில் மணி அடித்ததும் அத்தை வாரியலை எடுப்பாள். தன் வாசலில் தொடங்கி, கிணற்றைச் சுற்றி, எங்கள் படி வரைக்கும் பெருக்கி முடித்துத்தான் நிமிர்வாள். அந்த மண்ணில் எங்கே கீறினாலும் சிப்பித் துண்டு வரும். ஒன்றை எடுத்துப் போட்டால் மறுநாள் இன்னொன்று மேலே வந்து நிற்கும். அம்மா கூச்சத்தோடு, "எங்க வாசல நான் பெருக்கிக்கிடுதேன் மதினி" என்றால், "நம்ம வளவுதானளா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா இறந்தார். பட்டாவை மாற்ற வேண்டியிருந்தது. அத்தையின் பங்கைப் பற்றித் தாத்தா ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அப்பா எதையும் "பாத்துக்கிடலாம்" என்று தள்ளிப்போடுகிறவர். அத்தையோ வாய்விட்டு எதையும் கேட்காதவள். காகிதத்தில் அப்பா பெயர் மட்டும் ஏறிவிட்டால் அவளுக்கு அந்த மண்ணில் நிற்க ஒரு அடி கிடையாது. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஒருவரும் பேசவில்லை. தமிழில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் எனக்கு ஒன்றும் தெரியாது.

சர்வேயர் வந்த அன்று அப்பா வேலைக்குப் போயிருந்தார். வந்தவரோடு உதவிக்கு ஆள் யாரும் இல்லை. அத்தை தானாகப் போய் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முருங்கைப் பக்கத்து மதிலோரம் நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, போட்டோவுக்கு நிற்பவள் மாதிரி விறைப்பாக நின்றாள். சர்வேயர் மறு முனையில் ஏதோ குறித்துக்கொண்டே, சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"இது யாரு எடம் பாப்பா?"

"எங்க வளவு சார்."

சரியாகத்தான் சொன்னேன். அவர் வெளியாள். அவரிடம் நம்ம வளவு என்றா சொல்ல முடியும்? ஆனால் மதிலோரத்திலிருந்து அத்தை கேட்டாள், பாதி விளையாட்டாக.

"யாரு வளவுளா?"

பாவம், அத்தைக்குக் காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் பக்கம் திரும்பி, தெளிவாக, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"எங்க வளவு அத்த."

முதலில் சொன்னதில் அத்தையும் இருந்தாள். இரண்டாவது சொன்னதில் அவள் இல்லை. அவள் கையிலிருந்து டேப் நழுவியது. அது மண்ணில் சிப்பிகளை உரசிக்கொண்டு ஓடி சர்வேயர் கையில் சுருண்டது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, சிரித்தேன். சர்வேயர் "பிடிங்கம்மா" என்றார். அத்தை தன் குசினிக்குள் போய்விட்டாள். அம்மா வந்து பிடித்தாள்.

சாயங்காலம் அப்பா விஷயம் கேட்டு அத்தையிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். சின்னப் பிள்ளை சொன்னதைப் போய்ப் பெரிதாக எடுக்கலாமா என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"பிள்ள தானா சொல்லாதுடே. வீட்டுக்குள்ள கேட்டதத்தான் சொல்லும்."

வீட்டுக்குள் அப்படி யாராவது பேசி நான் கேட்டேனா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், நினைவில்லை. அதற்குப் பிறகு அப்பா ஓடியாடி பட்டாவை இரண்டு பேர் பெயரிலும் வாங்கினார். அத்தை அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். என்னிடம் எப்போதும் போலவே இருந்தாள், மீன் குழம்பும் ஊற்றினாள். ஆனால் இருந்த காலம் வரைக்கும் நம்ம வளவு என்று அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

சர்வேயர் வந்துபோன மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அத்தை பெருக்கி முடித்திருந்தாள். கிணறு வரைக்கும் வாரியல் தடம் விழுந்த சுத்தமான மண். அதற்கு இந்தப் பக்கம் முதல்நாள் சருகு அப்படியே கிடந்தது. நடுவில் மதிலிலிருந்து மதில் வரைக்கும் கோடு போட்ட மாதிரி இருந்தது. அம்மா படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ ஒரே சந்தோஷம். பாண்டி விளையாட நான் குச்சியால் எவ்வளவு கீறினாலும் கோடு நேராக வராது. அத்தை எனக்காகத்தான் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, சில்லைத் தேடி எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"அத்த, இது நம்ம கோடா?"

அவள் குசினி வாசலுக்கு வந்து என் கையிலிருந்த சில்லைப் பார்த்தாள்.

"ஆமாளா. நம்ம கோடுதான்."

நான் சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக்காலில் அந்தப் பக்கம் தாவினேன்.