துப்பு மேடத்துக்குச் சளி பிடித்த வாரம்

மதுபானம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவள் பதினோரு வருடமாக ருசி பார்க்கிறாள். வேதியியல் படித்துவிட்டு, லேபிளில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலைக்குத்தான் வந்தாள். ஒருநாள் பக்கத்து மேசையில் யாரோ ஒயின் பாட்டிலைத் திறக்க, "கார்க்ல பூஞ்சை பிடிச்சிருக்கு" என்று சொல்லித் தொலைத்தாள். பார்த்தால் பெட்டி முழுக்கவே அப்படி. அதன்பிறகு அவளை லேபிள் பக்கம் யாரும் விடவில்லை.

கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, மோந்து, வாயில் வைத்து உருட்டி, ஸ்டீல் குவளையில் துப்பிவிட்டு, மதிப்பெண் போட்டு நாலு வரி எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுகூட அவள் தொண்டையைத் தாண்டியதில்லை. கிடங்கு ஆட்கள் துப்பு மேடம் என்று பேர் வைத்தார்கள். துப்புவதையும் சொல்லும், துப்பறிவதையும் சொல்லும் என்பதால் அவளும் கோபப்படவில்லை.

வீட்டில்தான் நல்ல பேர் இல்லை. கணவரின் அக்கா மாடியில் குடியிருந்தார். அவள் அவரை அண்ணி என்று கூப்பிடுவாள். பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளர். கல்யாணப் பேச்சோடு வந்தவர்களை எல்லாம் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தவர். சாயங்காலம் படிக்கட்டருகே எதிர்ப்பட்டால் போதும், மூக்கை ஒரு சுருக்குச் சுருக்கி, "இன்னைக்கு ரம்" என்பார். ரம்மாகத்தான் இருக்கும். "படிச்ச படிப்புக்கு வேற வேலையே கிடைக்கலையா உனக்கு" என்பது அடுத்த வரி.

அந்த வாரம் ஒரு அமெரிக்க விஸ்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வழக்கமாக அந்த ஊர்க்காரர்கள் பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பு வைத்துக் கருக்கி, அதில் விஸ்கியை வருடக்கணக்கில் ஊறப்போடுவார்கள். இது அதற்கும் ஒரு படி மேல். ஊறியதை எடுத்து, மெல்லிய சூட்டில் நிதானமாக வறுத்த இன்னொரு பீப்பாயில் மறுபடி சில மாதம் வைப்பார்கள். மூன்று கம்பெனிகள் மாதிரி அனுப்பியிருந்தன. லேபிள் இல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும். எந்த எண் யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் மேனேஜர். அவர் மூன்றாவது பாட்டிலைத் தடவிக்கொண்டே, "இதுல ஏதோ இருக்கு, நல்லாப் பாருங்க" என்று மூன்று தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை அவளுக்குச் சளி பிடித்தது. புதன்கிழமை சோப்புக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விடுப்புக் கேட்டால் மேனேஜரே எழுதிவிடுவார். வியாழக்கிழமை மதியம் மூன்று சின்னக் குப்பிகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு அரை நாள் லீவில் வீட்டுக்கு வந்தாள். பள்ளி விட்டு அண்ணி வந்ததும் மாடி ஏறினாள்.

"அண்ணி, ஒரு உதவி. மோந்து பார்த்துச் சொன்னா போதும்."

"என்னது அது."

"விஸ்கி."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். "மோந்து மட்டும்தான் பார்ப்பேன். வாயில வைக்க மாட்டேன்."

ஆய்வகத்தில் செய்வதைப்போலக் குப்பியைத் தள்ளிப் பிடித்து, வாசனையைக் கையால் விசிறித் தன் பக்கம் இழுத்தார்.

"ஒண்ணு, அடிப்பிடிச்ச பால். அது தெரியக்கூடாதுன்னு யாரோ தலையில வெனிலாவைக் கொட்டியிருக்காங்க."

அவள் எழுதிக்கொண்டாள்.

"ரெண்டு..." அண்ணி இன்னொரு தடவை விசிறி இழுத்தார். "வேர்க்கடலை வறுக்கிறப்போ, இப்ப எறக்கணும்னு தோணும் பாரு, சரியா அந்த நிமிஷம். பின்னாடி ஒரு மர இழுப்பறை. ரொம்ப நாளா யாரும் திறக்காத இழுப்பறை."

"மூணு?"

"இது எங்க பிரின்சிபால். வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வரும். வந்தப்புறம் பார்த்தா ஒண்ணுமே இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. "நாக்குல படாம எப்படித் தீர்ப்புச் சொல்றது. தப்பில்லையா" என்று ஸ்பூனை எடுத்தார். துப்புவதற்கு ரோஜாத் தொட்டி அகப்பட்டது.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்த கணவர் அன்று பார்த்துச் சீக்கிரம் வந்துவிட்டார். சாயங்காலம் நாலரை மணிக்குத் தன் மனைவியும் அக்காவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விஸ்கியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"ஆபீஸ் வேலை," என்றார் அண்ணி. "நீ கிட்ட வராத. உன் சிகரெட் நாத்தம் இதுல கலக்குது."

இரண்டு வருடத்துக்கு முன்பே சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொன்ன மனுஷர், மனைவியின் மூக்கு அடைத்த நான்கு நாளும் தீபாவளி கொண்டாடாத குறையாக ஊதித் தள்ளியிருக்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விஸ்கியைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் அண்ணி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக் கொடுத்தாள். பிரின்சிபாலைக்கூட எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டிலுக்குத் தொண்ணூற்றொன்று, மூன்றாவதற்கு எழுபது. மேனேஜர் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல ஆனது. அவர் நேராக முதலாளியம்மாவிடம் போனார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அழைப்பு வந்தது.

முதலாளியம்மா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிரின்சிபாலை எனக்குத் தெரியும்போல இருக்கு. பிரமாதம். ரெண்டாவதே வாங்கிடலாம்." பிறகு அலமாரியிலிருந்து வேறு ஒரு பாட்டிலை எடுத்துக் கிளாஸில் ஊற்றினார். "இதையும் ஒரு வரி சொல்லுங்க பார்ப்போம்."

அவள் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். சுவரை மோந்தது மாதிரி இருந்தது. மேனேஜர் கதவோரம் நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது அடித்துவிடலாம், பதினோரு வருட அனுபவத்தில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூக்கு விஷயத்தில் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை. கிளாஸைக் கீழே வைத்தாள்.

"மேடம், நாலஞ்சு நாளா எனக்கு எந்த வாசனையும் தெரியல. அதுல எழுதினது என் நாத்தனார் மூக்கு."

மேனேஜர் இருமினார். முதலாளியம்மா அறிக்கையை மறுபடி ஒருமுறை படித்தார்.

"ஆள் உள்ளூர்தானா?"

"எங்க வீட்டு மாடி."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்க மறைச்சதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

சனிக்கிழமை அண்ணி இஸ்திரி போட்ட உடையும் கைப்பையில் சொந்த ஸ்பூனுமாக வந்தார். மேனேஜர் ஐந்து கிளாஸ் அடுக்கிவைத்திருந்தார். அண்ணி வரிசையாகக் கையால் விசிறி விசிறிப் பார்த்துவிட்டு, இரண்டாவதையும் ஐந்தாவதையும் தனியாக நகர்த்தினார்.

"இது ரெண்டும் ஒண்ணுதான். அஞ்சாவது கிளாஸைக் கழுவின ஸ்பாஞ்சுதான் வேற."

மேனேஜர் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் வரவே இல்லை.

மறைத்ததற்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே உறையில் அண்ணிக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை நடுவராக இருக்கச் சொல்லி இன்னொரு கடிதம். அதில் விஸ்கி என்ற சொல் வரக்கூடாது என்று அண்ணி நிபந்தனை போட்டார். அதனால் 'திரவ ஆலோசகர்' என்று போட்டுக் கொடுத்தார்கள்.

சளி விட்ட பிறகு அவள் இரண்டாவது பாட்டிலை முதல்முறையாகத் தானே ருசித்தாள். வேர்க்கடலை இருந்தது, அதே பதத்தில். இழுப்பறை மட்டும் அகப்படவில்லை. அவளுக்கு அது வெயிலில் காய்ந்த கயிறு. எண்பத்தாறுதான் போட்டாள். அன்று அண்ணி நடுவராக வந்த முதல் சனிக்கிழமை. வீடு திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று ஸ்டாப் வரை பேசிக்கொள்ளவில்லை.

நாலாவது ஸ்டாப்பில், "கயிறாம் கயிறு" என்று அண்ணி ஆரம்பித்தார்.