ஜெபாவின் முறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஷாகுல் போன் செய்தான். நான் ஆய்வகத்தில் ஒரு லேசர் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஷாகுல் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறவன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். அன்று எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டான். பிறகு ஜெபா இறந்துவிட்டாள் என்றான். சனிக்கிழமைகூட நன்றாகத்தானே இருந்தாள் என்று நான் சண்டை போடுவதுபோல் கேட்டேன்.

"சனிக்கிழமை அவ வரல்லியே, பகவதி" என்றான்.

ஜெபாவோடு சனிக்கிழமைக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவளைத் தெரியாத யாராவது படித்தால் அவர்களுக்கும் இருக்கட்டும். முழுப்பெயர் ஜெபஷீலா. வயது முப்பத்தொன்று. திருவட்டாறு பக்கம் வீடு. அப்பா இல்லை, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் படரும் பாசிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கோட்டாற்றில் ஒரு மாடி அறையில் தனியாக வாடகைக்கு இருந்தாள்.

அறிவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவ நாங்கள் ஒன்பது ஆராய்ச்சி மாணவர்களும் ஜெபாவும் சேர்ந்து தொடங்கியதுதான் சனிக்கிழமைக் கூட்டம். செய்முறைத் தேர்வு என்றால் நடுங்குகிறவர்கள், ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பார்த்து மலைத்துப்போனவர்கள், மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாதவர்கள் எல்லாரும் வருவார்கள். எங்களுக்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. வேலைகளைச் சுவரில் ஒட்டிய ஒரு தாளில் எழுதுவோம், முடிந்தவர் பக்கத்தில் பெயர் போடுவார். கூட்டம் நடத்துவதும் டீ கிளாஸ் கழுவுவதும் முறை வைத்து மாறும். முடிவு எடுக்க வேண்டுமென்றால் முதல் வருடப் பிள்ளை வரைக்கும் ஒவ்வொருவராகப் பேசியாக வேண்டும். இதையெல்லாம் அவள் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நாங்கள் வழுக்கும்போதெல்லாம் பிடித்து நிறுத்தியவள் அவள்தான்.

அவளை அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். முதல் வருடம் படிக்கும் அனிதாவுக்குப் பெயர் சொல்ல வாய் வரவில்லை, ஒரு மாதம் எதிரே போய் நின்று கனைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "பேரைச் சொன்னா நாக்கு அழுவிப் போவாது மக்கா" என்றாள் ஜெபா. அதற்குப் பிறகு அனிதா, ஜெபா என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு தடவை மூன்று பிள்ளைகள்தான் வருவதாகச் சொன்னார்கள் என்று ஒரு வகுப்பை நானாகவே ரத்து செய்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு ஜெபா படியேறி வந்தாள். "ஏட்டி, நீ யாருட்டி அதைத் தீருமானிக்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. பத்து நாள் நான் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் எங்கள் பூதப்பாண்டி வீட்டுக்கே வந்து, கூட்டத்துக்கு முன்னால் வைத்துக் கேட்டது தப்பு, கேட்டது தப்பில்லை என்று சொல்லிவிட்டு எங்கள் அம்மா வைத்த தீயல் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மன்னிப்பா திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அறிவிப்புத் தாள் அச்சடித்த கதைதான் என் நெஞ்சை அறுக்கிறது. தொடர்புக்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்று ஷாகுல் சொன்னான். யாருடைய நம்பரைப் போடுகிறோமோ அவர் ஒரே மாதத்தில் தலைவர் ஆகிவிடுவார் என்றாள் ஜெபா. வட்டமாகப் பேசினோம், எல்லாரும் சரி என்றோம். என் முறை வந்தபோது நானும் சரி என்றேன். இடமும் சனிக்கிழமை மூன்று மணி என்பதும் மட்டும் அச்சில் வந்தன. எவ்வளவு நியாயமான முடிவு என்று அன்று எங்களுக்குப் பெருமை வேறு.

போன மாதம் குளத்தில் இறங்கி மாதிரி எடுத்துவந்த சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலில் ஒரு வெட்டுக்காயம் இருந்ததாம். வியாழக்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: காய்ச்சல், சனிக்கிழமை என் முறை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நிமிடத்தில் ஐந்து பேர் நான் நான் என்று வந்தோம். எங்கள் ஏற்பாட்டின் அழகே அதுதானே, ஒருவர் விழுந்தால் வேலை விழாது. அவள் வகுப்பை நான் எடுத்தேன். அவள் கிளாஸ்களை ஷாகுல் கழுவினான். அவள் திருத்த வேண்டிய குறிப்பேடுகளை இன்னொருவர் திருத்தினார். சனிக்கிழமைக் கூட்டம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அவள் அறை அங்கிருந்து நடந்துபோகிற தூரம். ஒருவரும் போகவில்லை. ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். போய்ப் பார்ப்பது என்று சுவர்த்தாளில் ஒரு வேலை இல்லை, அதனால் அது யாருடைய வேலையாகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டிப் பார்த்தபோது அவள் கண் மஞ்சளாக இருந்தது. எலிக்காய்ச்சல், சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செவ்வாய் விடிவதற்குள் முடிந்துவிட்டது. முதலிலேயே வந்திருந்தால் ஊசியில் கேட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பைபிளுக்குள் நாலாக மடித்து வைத்திருந்த எங்கள் அறிவிப்புத் தாளை எடுத்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து மகள் போன் எடுக்கவில்லை என்றதும் அந்தத் தாளைத்தான் தேடி எடுத்திருக்கிறார்.

"ரெண்டு பக்கமும் பாத்தேன் மக்கா. நம்பர் ஒண்ணும் இல்ல. தலைவர்னு ஒருத்தரு கிடையாதும்மான்னு எனக்க பிள்ள பெருமையாட்டு சொல்லுவா. ஒருத்தரு இருந்திருந்தா நான் அவருக்குப் போன் போட்டிருப்பேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் இனி ஒரு தலைவர் வேண்டும் என்று ஷாகுல் அழுதுகொண்டே சொன்னான். வழக்கம்போல் ஒவ்வொருவராகப் பேசினோம். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். தலைவர் இருந்தால் மட்டும் அவர் போயிருப்பாரா என்று அனிதா கேட்டாள். நாங்கள் ஒன்பது பேரும் நல்லவர்கள்தான், படித்தவர்கள்தான், ஒரு கதவைத் தட்டத் தெரியாமல் போய்விட்டது. என் முறை வந்தபோது நான் பேசவில்லை. முடிவு எடுக்காமலே கலைந்தோம். இந்தக் கூட்டம் இனி நடக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஜெபாவின் பாசி மாதிரிகள் துறையிடம் இருக்கின்றன, புத்தகங்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருப்பது அவள் அம்மா. கல்லறைத் தோட்டத்தில் என் நம்பரை அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார். நாங்களும் முறை வைத்துப் பேசலாமே, உனக்கும் பாரம் குறையும் என்று ஷாகுல் கேட்டான். வேண்டாம் என்றேன். வட்டத்தைக் கேட்காமல் நான் தனியாக எடுத்த முடிவு இது.

அவர் அதிகம் பேசமாட்டார். மழை பெய்தது, பால் வெட்டப் போகவில்லை என்பார். வைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் தவறாமல் கேட்பார்: "காய்ச்சல் ஒண்ணும் இல்லியே மக்கா?"

இல்லைம்மா என்கிறேன்.