டெண்டர் பெட்டிக்குப் போட்ட காவல்

இன்று சாயங்காலம் திசையன்விளை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு புது மாப்பிள்ளை. கையில் ஒட்டிய கவர், முகத்தில் ஏழு கடல் சோகம்.

"என்னவே ஆச்சு?" என்றேன்.

ஸ்டேடியம் கட்டும் டெண்டர் மாமனாருக்குத்தான் என்று மேலிடத்தில் பேசி முடித்தாச்சாம். வேறு யாரும் கவர் போட்டுவிடாதபடி, பெட்டியைச் சுற்றி மாமனார் நாற்பதாயிரம் தடியர்களை நிறுத்தியிருக்கிறார். பாண்டியன் கோட்டைக்கே அத்தனை காவல் கிடையாது.

"என்னையும் விடல, அண்ணாச்சி. மாமனார் கவரைப் போட வந்த மருமகன்னு சொன்னேன். 'காலையில இருந்து நீ ஆறாவது மருமகன்லே'ன்னு சிரிக்கானுவ. மூணு மணிக்குத் திறந்தா, பெட்டியில ஒரு கவர்கூட இல்ல."

"மாமனாருக்குத் தெரியுமா?"

"இனிமேதான் தெரியும்."

மாமனார் வீடு பாளையங்கோட்டையில். இவர் டிக்கெட் எடுத்திருப்பது திசையன்விளைக்கு.

அங்கன யார் வீட்டிலாவது அறை காலியிருந்தால் சொல்லுங்கவே. மாமனார் கோபம் தணிய இன்னொரு ஸ்டேடியம் வரவேண்டும்.